வேலையோடு கட்டுண்ட கூரை: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில்வட்டாரத்தில் வாடகை வீட்டுப் பற்றாக்குறையும் வீடின்மையும்

ஆய்வுச் சுருக்கம்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் கடந்த நாற்பது ஆண்டுகளில் இலட்சக்கணக்கான தொழிலாளரை ஈர்த்துள்ளது. அவர்களின் கூலிக்கு எட்டும் வாடகை வீடுகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. நடைபாதையில் உறங்குவோரை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பில் இப்பற்றாக்குறை வெளிப்படுவதில்லை. ஆலை விடுதி, தொழிலகத்தின் மேல்தளம், ஒப்பந்தக்காரர் ஏற்பாடு செய்யும் அறை, பலர் பகிர்ந்து வாழும் லைன் வீடு ஆகியன அதனை மறைத்து நிற்கின்றன. இக்கூரைகள் வேலை உள்ளவரை மட்டுமே நிலைப்பவை. வேலை நின்றால் கூரையும் நீங்கும் இந்நிலையே இவ்வட்டாரத்தில் வீட்டுப் பற்றாக்குறையையும் வீடின்மையையும் இணைக்கும் கண்ணி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கணக்கெடுப்பின் வரையறைகள், வாரக்கூலிக்கும் மாத வாடகைக்கும் இடையிலான முரண், 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கம், அரசுத் திட்டங்களின் எல்லைகள் ஆகியவற்றின் வழியாக இக்கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பூர், பின்னலாடைத் தொழில், வீடின்மை, வாடகை வீடு, புலம்பெயர் தொழிலாளர், தொழிலாளர் விடுதி, லைன் வீடு.

முன்னுரை

வீடற்றவர் என்றதும் மேம்பாலத்தின் அடியிலும் தொடர்வண்டி நிலையத்தின் வாயிலிலும் படுத்திருப்போரின் உருவமே பொதுமனத்தில் எழுகிறது. வேலையின்மை, முதுமை, மனநோய், குடிப்பழக்கம், குடும்பப் பிரிவு ஆகியன அந்நிலைக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. திருப்பூர் இப்பொதுக்கருத்துக்கு ஒரு சோதனைக்களமாக அமைகிறது. வேலை தேடி வருவோருக்கு வேலை கிடைக்கும் ஊர் என்பதே அதன் பெயர். 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ ரூ. 40,000 கோடி மதிப்புள்ள பின்னலாடைகள் இங்கிருந்து ஏற்றுமதியாயின. தொழில்துறையினரின் மதிப்பீட்டின்படி ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தொழிலைச் சார்ந்துள்ளனர். இத்தகைய ஊரில் உழைப்பவருக்கு உறைவிடம் உறுதியாக உள்ளதா, உள்ளதெனில் அது யாருடைய கையில் உள்ளது என்னும் வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது.

வீடின்மை: வரையறையும் எண்ணிக்கையும்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கூரையுள்ள கட்டடத்தில் வாழாமல் நடைபாதை, குழாய், மேம்பாலத்தின் அடி, படிக்கட்டு, வழிபாட்டிடத்தின் திறந்தவெளி, தொடர்வண்டி நடைமேடை போன்ற இடங்களில் வாழ்வோரையே வீடற்றோர் எனக் கொள்கிறது. 2011ஆம் ஆண்டில் இவ்வரையறையின்படி நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் 9.4 இலட்சம் பேர் நகரங்களில் வாழ்ந்தவர்கள். விடுதியில் தங்கிப் பொதுச் சமையலறையில் உண்ணும் உறவற்றவர் கூட்டத்தை இக்கணக்கெடுப்பு 'நிறுவனக் குடும்பம்' என்னும் தனி வகையில் சேர்க்கிறது. எனவே ஆலை விடுதியில் வாழும் தொழிலாளி வீடற்றவராகக் கணக்கில் வருவதில்லை; வீட்டுத் தேவை உடையவராகவும் கணக்கில் வருவதில்லை.

நடுவண் அரசு அமைத்த, அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு, 2012இல் நாட்டின் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.878 கோடி என மதிப்பிட்டது. இதில் வீடற்ற நிலையால் எழும் பங்கு 5.3 இலட்சம் மட்டுமே. அதாவது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. ஏறத்தாழ 80 விழுக்காடு இடநெருக்கடியால் விளைவது. மொத்தப் பற்றாக்குறையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாய்ப் பிரிவினரையும் சார்ந்தது. நாடு தழுவிய அளவிலேயே பற்றாக்குறை தெருவில் நிற்பதைவிட நெரிசலான அறைகளுக்குள் ஒளிந்திருப்பதை இம்மதிப்பீடு காட்டுகிறது. ஆனால் அக்குழு நெருக்கடியை அளந்த முறை, மணமான இணையருக்குத் தனி அறை உள்ளதா என்பதை அடிப்படையாகக் கொண்டது. ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கும் ஆண் தொழிலாளரின் நெருக்கடி அந்த அளவுகோலுக்குள் முழுமையாக அகப்படுவதில்லை.

ஐரோப்பாவில் வீடற்றோருக்காகப் பணிபுரியும் தேசிய அமைப்புகளின் கூட்டமைப்பு 2005இல் வெளியிட்ட வகைப்பாடு இங்குப் பயன்படத்தக்கது. ஓர் உறைவிடம் வீடாக அமைவதற்கு மூன்று கூறுகள் வேண்டும் என அது கொள்கிறது. முதலாவது, போதிய இடமுள்ள கட்டடம். இரண்டாவது, தனிமையும் உறவும் பேணும் வாய்ப்பு. மூன்றாவது, அங்கு வாழ்வதற்கான சட்ட உரிமை. இவற்றின் குறைபாட்டைப் பொறுத்துக் கூரையின்மை, வீடின்மை, உறுதியற்ற குடியிருப்பு, தகுதியற்ற குடியிருப்பு என நால்வகை நிலைகளை அது பிரிக்கிறது. இவ்வகைப்பாட்டின்படி நோக்கினால் திருப்பூரில் கூரையின்மை சிறிதாகவும், ஏனைய மூன்றும் பெரிதாகவும் உள்ளமை புலப்படும்.

பற்றாக்குறை வீடின்மையாக மாறும் முறை

பொருளியல் அறிஞர் பிரெண்டன் ஓஃபிளாகர்ட்டி 1996இல் வெளியிட்ட நூலில் வீடின்மையை வீட்டுச் சந்தையின் விளைவாக விளக்கினார். தரங்குறைந்த, விலைகுறைந்த வீடுகள் குறையும்போது அச்சந்தையின் கீழ்ப்படியில் நிற்போரே வெளியே தள்ளப்படுகின்றனர் என்பது அவ்விளக்கத்தின் சாரம். 2022இல் கிரெக் கோல்பர்ன், கிளேட்டன் பேஜ் ஆல்டர்ன் ஆகியோர் அமெரிக்க நகரங்களை ஒப்பிட்டு, போதைப்பழக்கமோ வறுமையோ மிகுந்த ஊர்களைவிட வாடகை மிகுந்து காலி வீடுகள் குறைந்த ஊர்களிலேயே வீடின்மை மிகுதி எனக் காட்டினர். தனிமனிதரின் நலிவு, யார் முதலில் வெளியேறுவார் என்பதைத் தீர்மானிக்கிறது. எத்தனை பேர் வெளியேறுவர் என்பதை வீட்டின் இருப்பும் விலையும் தீர்மானிக்கின்றன.

இவ்விளக்கத்தை இந்தியச் சூழலுக்கு அப்படியே பொருத்த இயலாது. 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீடுகள் காலியாக இருக்க, வாழ இடமில்லாதோரும் பெருகும் முரண் இங்குண்டு. உழைப்போருக்கு ஏற்ற இடத்தில், ஏற்ற அளவில், ஏற்ற வாடகையில் வீடு இல்லாமையே இங்குள்ள பற்றாக்குறை. வீட்டுச் சந்தைக்கு வெளியே சொந்த ஊர் என்னும் புகலிடம் இருப்பது மற்றொரு வேறுபாடு. வேலையும் அறையும் இழந்தவர் நகரின் தெருவில் நெடுநாள் நிற்பதில்லை, ஊருக்குத் திரும்புகிறார். அதனால் நகரின் வீட்டுப் பற்றாக்குறை நகரின் புள்ளிவிவரத்தில் பதிவாகாமல் கிராமத்தின் சுமையாக இடம்பெயர்கிறது.

திருப்பூரின் வளர்ச்சியும் குடியிருப்பும்

உள்ளாடை உற்பத்தியில் பெயர்பெற்றிருந்த திருப்பூர், 1970களின் இறுதியில் ஏற்றுமதியில் கால்பதித்து 1980களின் நடுப்பகுதிக்குப் பின் விரைந்து வளர்ந்தது. நகராட்சி எல்லைக்குள் 1991இல் 2,35,661 ஆக இருந்த மக்கள்தொகை 2001இல் 3,44,543 ஆகவும் 2011இல் 4,44,352 ஆகவும் உயர்ந்தது. 2008இல் மாநகராட்சியாகவும் 2009இல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் ஆன இவ்வூருடன் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் 2011இல் இணைக்கப்பட்டன. விரிந்த எல்லைக்குள் அடங்கிய மக்கள்தொகை 8.77 இலட்சம். பழைய எல்லைக்கு வெளியே, நகராட்சி வசதிகள் முழுமையாக எட்டாத பகுதியில், ஏறத்தாழ நகரின் அளவுக்கே மற்றொரு நகரம் வளர்ந்திருந்ததை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இத்தொழிலின் அமைப்பு குடியிருப்பின் அமைப்பையும் வடிவமைத்தது. ஷரத் சாரி 2004இல் வெளியான தம் நூலில், உழைப்பாளிகளாகத் தொடங்கிய கொங்கு வேளாளர் சிறு உடைமையாளர்களாகி, ஒருவரோடொருவர் கூட்டுச் சேர்ந்தும் துணை ஒப்பந்தங்களால் பிணைந்தும் இத்தொழிலை வளர்த்த முறையை விளக்கியுள்ளார். பின்னல், சாயம், வெட்டு, தையல், சோதனை, தேய்ப்பு, சிப்பம் கட்டுதல் என ஒவ்வொரு வேலையும் தனித்தனிச் சிற்றலகுகளில் நடைபெறுகிறது. மதுரையில் பெரிய பஞ்சாலை ஒன்றின் தொழிலாளருக்காக ஹார்விபட்டி என்னும் குடியிருப்பே உருவானது. ஆயிரக்கணக்கானோரை நிலையாகப் பணியமர்த்திய ஒரே முதலாளி அங்கு இருந்தமையால் அது இயன்றது. பத்துத் தையல் இயந்திரங்களுடன் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பவர்டேபிள் உரிமையாளரிடம் அத்தகைய முதலீட்டை எதிர்பார்க்க இயலாது.

நிலத்துக்கான போட்டியும் கருதத்தக்கது. திருப்பூரில் வீட்டுக்கும் தொழிற்கூடத்துக்கும் இடையே தெளிவான எல்லைக்கோடு இல்லை. ஒரே கட்டடம் வீடாகவும் தையற்கூடமாகவும் கிடங்காகவும் மாறிமாறிப் பயன்படுகிறது. தொழிற்கூடத்துக்கு விடுவதால் மிகுந்த வாடகை கிடைக்கும் இடத்தைத் தொழிலாளர் குடியிருப்புக்கு ஒதுக்க உரிமையாளருக்குத் தூண்டுதல் குறைவு. பொதுமுதலீடும் உற்பத்தியின் பக்கமே சாய்ந்தது. புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் நீர் வழங்கும் திட்டம் தனியார் முதலீட்டுடன் நிறைவேறியது. தொழிலுக்கு வேண்டிய நீருக்காக இவ்வளவு பெரிய நிறுவன ஏற்பாடு உருவான ஊரில், தொழிலாளருக்கு வேண்டிய வாடகை வீட்டுக்காக அதற்கு இணையான ஏற்பாடு உருவாகவில்லை.

கட்டுண்ட கூரையின் நான்கு வடிவங்கள்

பற்றாக்குறைக்கு இவ்வட்டாரம் கண்ட மாற்றுகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, ஆலை விடுதி. திருப்பூர், கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் தென்மாவட்ட இளம்பெண்கள் விடுதிகளில் தங்கிப் பணிபுரிகின்றனர். 'சுமங்கலித் திட்டம்' என அறியப்பட்ட முறையில் மூன்றாண்டு அளவிலான பணிக்காலத்தின் முடிவில் மொத்தத் தொகை தருவதாக உறுதியளிக்கப்பட்டது. இடையில் விலகியவர்கள் அத்தொகையை இழந்ததையும் விடுதிகளில் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டதையும் 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கை உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தது. 2014இல் தமிழ்நாடு அரசு மகளிர், சிறார் விடுதிகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, விடுதிகளுக்குப் பதிவும் உரிமமும் கட்டாயம் என்றாக்கியது. விடுதியின் பாதுகாப்பைச் சட்டம் வரையறுத்தபோதும், அங்கு வாழ்வோரின் குடியிருக்கும் உரிமை வேலையோடு பிணைந்தே உள்ளது.

இரண்டாவது, தொழிலகத்தின் மேல்தளமும் ஒப்பந்தக்காரரின் அறையும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வருவோருக்கு வேலையும் தங்குமிடமும் ஒரே கையிலிருந்து கிடைக்கின்றன. அட்வான்ஸ் தரப் பணமும் பரிந்துரைக்க உள்ளூர் உறவும் இல்லாதவருக்கு இது பெரும் உதவி. அதே உதவி, கூலி குறித்துப் பேசுவதற்கும் வேறு கம்பெனிக்கு மாறுவதற்கும் தடையாகிறது.

மூன்றாவது, லைன் வீடு. சுவரைப் பகிர்ந்து வரிசையாக அமைந்த ஓரறை, ஈரறை வீடுகளும் அவற்றுக்குப் பொதுவான குழாயும் கழிப்பிடமும் சேர்ந்தது இவ்வமைப்பு. குடும்பத்துடன் வருவோரின் முதல் நாட்டம் இதுவே. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்மொழியாகவே அமைகிறது.

நான்காவது, நாள்தோறும் வந்துசெல்லும் பயணம். சுற்றுக் கிராமத்தவர் பேருந்திலும் கம்பெனி வண்டியிலும் வந்து திரும்புகின்றனர். கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் ஆகியோரின் ஆய்வுகள், கிராமத்தில் உள்ள வீடு, சாதி உறவு, கடன், பெண்களின் வீட்டுப்பொறுப்பு ஆகியன யார் திருப்பூருக்கு வர இயலும் என்பதைத் தீர்மானிப்பதைக் காட்டியுள்ளன. இவர்களுக்குச் சொந்தக் கூரை உண்டு. நகரம் தர வேண்டிய குடியிருப்புக்கான விலையை இவர்கள் பயண நேரமாகச் செலுத்துகின்றனர்.

முதலிரண்டு வடிவங்களில் வேலையும் கூரையும் நேரடியாகப் பிணைந்துள்ளன. மூன்றாவதில் கூலி வழியாக மறைமுகமாகப் பிணைந்துள்ளன. இலங்கை மலையகத்தின் லயங்கள் இப்பிணைப்பின் நெடிய வரலாற்றை உணர்த்துவன. தோட்டத்துக்குச் சொந்தமான லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், அவ்வீட்டின்மீதும் நிலத்தின்மீதும் உரிமை பெறாத நிலை மலையகத் தமிழரின் நீண்டகாலக் கோரிக்கைக்கு அடிப்படையானது. முதலாளியின் கூரை வாழ்நாள் முழுவதும் நீடித்தாலும் அது தானாகவே உரிமையாகிவிடுவதில்லை என்பதே அவ்வரலாறு தரும் படிப்பினை.

வாரக்கூலியும் மாத வாடகையும்

திருப்பூரில் கூலி ஷிப்டுக் கணக்கிலோ பீஸ் ரேட்டிலோ அமைந்து, பெரும்பாலும் சனிக்கிழமைதோறும் வழங்கப்படுகிறது. ஏற்றுமதி ஆணைகள் மிகும்போது ஒன்றரை ஷிப்டு, இரண்டு ஷிப்டு என வேலை நீள்கிறது. ஆணை குறைந்தால் வேலை நாள்கள் சுருங்குகின்றன. வாடகையோ மாதந்தோறும் மாறாத தொகை.

இம்முரணை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒருவர் வாரம் ரூ. 3,500 ஈட்டுகிறார், மாத வாடகை ரூ. 4,000 எனக் கொள்வோம். நான்கு வாரமும் வேலை இருப்பின் வருவாய் ரூ. 14,000, வாடகையின் பங்கு 28.6 விழுக்காடு. வருவாயில் 30 விழுக்காட்டுக்குள் அடங்கும் வாடகை எட்டக்கூடியது என்னும் வழக்கமான அளவுகோலின்படி அவர் இடர்ப்பாடு அற்றவர். இரண்டு வாரம் வேலை இல்லையெனில் வாடகையின் பங்கு 57 விழுக்காடாகிறது. ஒரு மாதம் வேலை இல்லையெனில் வாடகை முழுவதும் கடனாகிறது. அவ்வீட்டை இழந்து வேறு வீடு தேடும்போது மூன்று மாத அட்வான்ஸாக ரூ. 12,000 வேண்டும், அது மூன்று வாரக் கூலிக்கும் மேற்பட்டது. சராசரி வருவாயைக் கொண்டு எட்டக்கூடியதாகத் தோன்றும் வீடு, வருவாயின் ஏற்றத்தாழ்வைக் கருதும்போது எட்டாததாகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு அரிதாக நேர்வதன்று. நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் பிறப்பித்த ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சாயத்தைச் சார்ந்த ஏனைய அலகுகளும் பாதிக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது மீண்டும் ஆணைகள் குறித்த அச்சம் எழுந்தது. நீதிமன்ற ஆணையும் அயல்நாட்டு வரிவிதிப்பும் லைன் வீட்டின் வாடகைவரை எட்டும் தொலைவிலேயே உள்ளன.

மறைவு விலகிய காலம்

2020 மார்ச் 24 இரவு அறிவிக்கப்பட்ட பொதுமுடக்கம் இவ்வட்டாரத்தின் எல்லா அலகுகளையும் ஒரே நேரத்தில் நிறுத்தியது. மார்ச் 29 அன்று நடுவண் உள்துறை அமைச்சகம், தொழிலாளரிடம் ஒரு மாத காலத்துக்கு வாடகை கேட்கக்கூடாது எனவும், அவர்களை வெளியேறுமாறு வற்புறுத்தும் வீட்டு உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் எனவும் ஆணையிட்டது. கூலி நின்றால் கூரையும் நீங்கும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் சான்றாக இவ்வாணையைக் கொள்ளலாம். ஆயினும் எழுத்து ஒப்பந்தமோ வாடகைச் சீட்டோ இல்லாதவர் தாம் அங்குக் குடியிருப்பதையே மெய்ப்பிக்க இயலாத நிலையில் இருந்தனர். மே மாதம் தொடங்கிய சிறப்புத் தொடர்வண்டிகளில் திருப்பூரிலிருந்தும் வடமாநிலத்தவர் பெருந்திரளாக ஊர் திரும்பினர். ஈட்டிய ஊரில் ஈட்டாமல் வாழ வழியில்லை என்பதே அவ்வெளியேற்றத்தின் பொருள்.

திட்டங்களும் அவற்றின் எல்லைகளும்

2015 சூனில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் சொந்த வீட்டை இலக்காகக் கொண்டது. பயனாளியின் குடும்பத்துக்கு இந்தியாவில் எங்கும் நிலையான வீடு இருத்தல் கூடாது என்பது அதன் நிபந்தனை. சொந்த ஊரில் சிறு வீடு உள்ள தொழிலாளி, திருப்பூரில் எத்துணை நெருக்கடியில் வாழ்ந்தாலும் இத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

பொதுமுடக்கத்தின் படிப்பினையாக 2020 சூலையில் நடுவண் அமைச்சரவை எட்டக்கூடிய வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அரசு நிதியில் கட்டப்பட்டுக் காலியாக உள்ள வீடுகளை வாடகைக்கு விடுதலும், தொழிலகங்கள் தம் நிலத்தில் வளாகம் கட்ட ஊக்குவித்தலும் அதன் இரு வழிகள். இரண்டாம் வழியில் வீட்டின் உரிமையாளராக முதலாளியே அமையும்போது பழைய பிணைப்பு புதிய கட்டடத்தில் தொடரும் வாய்ப்பு உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளருக்கான வளாகம் சிப்காட் வழியாகக் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அரசு நிறுவனம் முன்வந்தால் பேரளவில் கட்ட இயலும் என்பதற்கு இது சான்று. சிதறிய சிற்றலகுகளைக் கொண்ட திருப்பூருக்கு, பல அலகுகளின் தொழிலாளரும் தாமே வாடகைதாரராக நுழையக்கூடிய பொது வளாகமே பொருந்தும்.

தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஓர் இலட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் உறைவிடம் வேண்டும் என வரையறுத்தது. 2011 மக்கள்தொகைப்படி திருப்பூருக்கு ஏறத்தாழ 880 பேருக்கான இடம் இதனால் கிடைக்க வேண்டும். தெருவில் நிற்போருக்கு இது இன்றியமையாதது. கட்டுண்ட கூரையின் கீழ் வாழும் பெருந்திரளுக்கு இது விடையாகாது.

1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், தகுந்த தங்குமிடம் தருவதை ஒப்பந்தக்காரரின் கடமையாக்கியது. கூரை கிடைக்க அது வழிசெய்ததேயன்றிக் கூரையை வேலையிலிருந்து பிரிக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் வலியுறுத்துகிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. வாய்மொழியால் இயங்கும் லைன் வீட்டுச் சந்தையில் இப்பாதுகாப்பு எட்ட வேண்டியவரை எட்டுவது அரிது.

முடிவுரை

திருப்பூரில் வீட்டுப் பற்றாக்குறை நடைபாதையை நிரப்பவில்லை. வேலை தருவோரே கூரையும் தரும் ஏற்பாடு அதனை உள்வாங்கிக்கொண்டது. அந்த ஏற்பாடு பலரைத் தெருவிலிருந்து காத்தது என்பதை மறுக்க இயலாது. அதே ஏற்பாடு வீடின்மையை நீக்காமல் ஒத்திவைத்தது. வேலை நிற்கும் நாளில் அது வெளிப்படுகிறது. ஆகவே இவ்வட்டாரத்தில், வேலை நின்ற முப்பது நாளில் உறைவிடத்தை இழக்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதையும் கணக்கெடுப்பு அளவிட வேண்டும். விடுதிகளின் பதிவேடுகள், லைன் வீடுகளின் கணக்கு, தொழிலாளர் வாழ்வு குறித்த நேர்காணல் ஆகியவற்றை இணைத்து இதனைச் செய்ய இயலும்.

இவ்வளவீட்டிலிருந்து மூன்று வழிகள் பிறக்கின்றன. முதலாளியைச் சாராத பொது வாடகை வளாகங்கள் வேண்டும். லைன் வீடுகளுக்கு எளிய, கட்டணமற்ற வாடகைப் பதிவு வேண்டும். வேலை இழந்தவருக்கு வேறு வேலை தேடும் காலம்வரை விடுதியில் தங்கும் உரிமை வேண்டும். ஊதியத்தைப் போலவே உறைவிடமும் தொழிலுறவின் ஒரு கூறு எனக் கொண்டு, தமிழகத்தின் ஏனைய தொழில்வட்டாரங்களுக்கும் இவ்வாய்வை விரித்தல் பயன்தரும்.